பன்னிரண்டடி அலகு

"மாத்திரைய நிறுத்துனது நானா? நானாடி நிறுத்துனேன்? பூசாரி சொன்னாரு, நான் அதைத்தான்..."

"பூசாரி சொன்னாரு, நீங்க ஒளிச்சு வெச்சீங்க. அரிசிப் பானையில கைய வுட்டா மாத்திரை அட்டை வருது. கேட்டா..."

"கேட்டியா நீ? எப்பக் கேட்ட? அன்னிக்கெல்லாம் வாய மூடிக்கினு இருந்துட்டு இன்னிக்கு ஆஸ்பத்திரியில வந்து..."

"கேட்டா, 'செடல் திருவிழா முடியட்டும்டி'ன்னு சொன்னது யாரு அண்ணி? நானா, உங்க ஆத்தாளா?"

"அடியே, ஆத்தாள இழுக்காத!"

இரண்டு பேருக்கும் நடுவில், சக்கரக் கட்டிலில் கிடந்த சிங்காரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு பேரும் வெளிய போயி சண்ட போடுங்க. டாக்டரம்மா கேட்டது என்னை."

டாக்டர் அர்ச்சனா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டாரா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிய வேண்டியது. மனைவி விருத்தாம்பாளும் அக்கா தையலம்மாளும் சேர்ந்து அதை ஒரு பஞ்சாயத்தாக்கிவிட்டார்கள். கரையாம்புத்தூரிலிருந்து புதுச்சேரி வரைக்கும் வேனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தவர்கள். மூலக்குளத்து நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோதுகூட ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்கள். டாக்டரின் தலையைக் கண்டதும்தான் இருவருக்கும் வாய் திறந்தது.

டாக்டர் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் அவனுடைய இடது பாதத்தைக் கையில் பிடித்திருந்தாள். பாதம் வெள்ளரிப்பழம் போல வெளுத்திருந்தது. சில்லென்றிருந்தது. கணுக்காலில் விரல் வைத்துப் பார்த்தாள். முட்டிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். நாடி எங்கேயும் இல்லை.

"விரல ஆட்டுங்க ஐயா."

கட்டைவிரல் யோசித்து யோசித்து ஆடியது.

"நான் தொடுறது தெரியுதா?"

"மரத்தாப்ல இருக்குதும்மா. ஆனா வலி உசிரு போவுது."

"எப்பலேர்ந்து?"

"நேத்துக் காலையில கரும்புக்குத் தண்ணி கட்டப் போனேன். நாலு எட்டு வெக்கல, அப்படியே வரப்புல உக்காந்துட்டேன்."

"நேத்தே வந்திருக்கணும்."

"நேத்து இவங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்தாங்க," என்றான் சிங்காரவேலு.

போன வருஷம் இதே காலில் ரத்தக் குழாய் அடைத்துப்போய், வலது காலிலிருந்து ஒரு ரத்த நரம்பை எடுத்து இடது தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே வரைக்கும் மாற்றுவழி போட்டிருந்தார்கள். பைபாஸ் என்று சொன்னார்கள். ஊரில் யாராவது விசாரித்தால் சிங்காரவேலு பெருமையாக வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "விழுப்புரத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்பான். பீடியை மட்டும் விட்டான். மற்றபடி கால் முன்னைவிட நன்றாக நடந்தது. அந்த நன்றாக நடந்ததில்தான் வம்பு.

"பைபாஸ்ல அடைப்பு வந்திருக்கு ஐயா. ரத்தம் கட்டி கட்டியா உறைஞ்சு போயிருக்கு. அதுக்குத்தான் அந்த மாத்திரை குடுத்தது. எப்ப நிறுத்துனீங்க?"

டாக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கன்னத்துல என்ன காயம்?"

தையலம்மாள் முந்திக்கொண்டாள். "கொசும்மா. எங்க ஊர்ல கொசு ஜாஸ்தி."

"ரெண்டு கன்னத்துலயும், நேருக்கு நேரா?"

"ஜோடியாத்தான் வரும்."

சிங்காரவேலுவுக்குக் கால் வலியைவிட இது வலித்துவிட்டது. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். "கொசுவா? அக்கா, கொசுவா அது? பன்னெண்டடி அலகு டாக்டரம்மா! எங்க ஊர்ல எட்டடிக்கு மேல எவனும் குத்துனது கிடையாது. அந்தக் கோடியில ஒருத்தன், இந்தக் கோடியில ஒருத்தன் தாங்கிப் புடிச்சிக்கினு வந்தானுங்க. கோயில மூணு சுத்து. விருத்தா, போனக் குடு, வீடியோ இருக்குது பாரு."

"வீடியோ அப்புறம் பாக்கலாம். படுங்க. எப்ப குத்துனீங்க?"

"ஆடிக் கடைசிச் செடலுக்கு."

"எதுக்கு வேண்டுதல்?"

"இந்தக் காலுக்குத்தான்."

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு இரண்டு பெண்களையும் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை.

வேண்டிக்கொண்டது தையலம்மாள். போன வருஷம் தம்பியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, வராந்தாவில் மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு, "தம்பி கால் நெலைச்சா அவனுக்கு அலகு குத்தி உன் வாசலுக்குக் கூட்டியாறேன் தாயே" என்று சொல்லிவிட்டாள். வேண்டுதல் அவளுடையது, கன்னம் அவனுடையது. நேர்த்திக்கடன் பெரும்பாலும் அடுத்தவர் உடம்பில்தான் தீர்க்கப்படுகிறது. அவனும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அலகின் நீளத்தை மட்டும் அவனே முடிவு செய்தான்.

குறுக்கே நின்றவர் பூசாரி செல்லப்பன். அதற்கு முந்தைய செடலில் ஒருவருக்கு அலகை உருவியபின் ரத்தம் நிற்கவே இல்லை. மஞ்சள் வேட்டி முழுக்கச் சிவப்பாகி, "விரதத்துல ஏதோ குத்தம்" என்று ஊர் பேசி, கடைசியில் அந்த ஆள் இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரியவந்தது. அன்றிலிருந்து செல்லப்பன் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். காப்புக் கட்டும்போதே ஒவ்வொருவரையும் கேட்பார்: "ரத்த மாத்திரை சாப்பிடுறியா? சாப்பிட்டா இன்னியோட நிறுத்து. இல்லன்னா அலகு கிடையாது. அம்மன் பேரு கெடக் கூடாது."

அப்படித்தான் மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் போனது. செடலன்று சிங்காரவேலுவின் கன்னத்தில் அலகு ஏறி இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. காப்பு அவிழ்த்த பிறகு மாத்திரை யாருக்கும் நினைவு வரவில்லை என்பதைவிட, அம்மனே பார்த்துக்கொண்ட காலுக்கு மாத்திரை எதற்கு என்று எல்லாருக்கும் தோன்றியது என்று சொல்வதுதான் சரி. அன்று ரத்தம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பத்துப் பதினைந்து நாளில் காலுக்குள்ளும் போகவில்லை.

"சரி," என்றாள் டாக்டர். அவள் யாரையும் திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து முந்தானையை இழுத்துச் செருகி நின்ற தையலம்மாளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. "கேளுங்க. மறுபடியும் ஒரு பைபாஸ் போட நல்ல நரம்பு இல்ல. வலது கால்ல இருந்தத போன தடவையே எடுத்தாச்சு. இருக்கிறதத் திறந்தாத்தான் கால். திறக்கலன்னா முட்டிக்கு மேல எடுக்க வேண்டி வரும்."

விருத்தாம்பாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்தா எப்டிம்மா?" என்றான் சிங்காரவேலு. "எங்க வரப்பு ரெண்டு காலுக்கே பத்தாது."

"அதனாலதான் திறக்கப் பாக்கலாம்ங்கிறேன். தொடை இடுக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய அந்த அடைப்புக்குள்ளயே விடுவோம். அதுல மருந்து சொட்டுச் சொட்டாப் போயி கட்டியக் கரைக்கும். கத்தி இல்ல. ஆனா நாள் முழுக்க, தேவைப்பட்டா நாளைக்கும், மல்லாந்து அசையாம படுத்திருக்கணும்."

"வாய்க்கால்ல மண்ணு அடைச்சா மம்புட்டி போடாம தண்ணிய வுட்டே கரைக்கிறாப்ல."

"அதேதான். ஆனா ஒண்ணு. இந்த மருந்துக்குக் கண்ணு கிடையாது. கால்ல இருக்கிற கட்டி எது, உடம்புல வேற எங்கயோ காயம் ஆறுறதுக்காக உறைஞ்ச ரத்தம் எதுன்னு அதுக்குத் தெரியாது. எல்லாத்தையும் கரைக்கும். அதனால நான் கேக்குறதுக்கு உண்மையச் சொல்லணும். கொசுவெல்லாம் வேணாம்."

தையலம்மாள் கூரையைப் பார்த்தாள்.

"கன்னத்துல கசிஞ்சா அழுத்திப் புடிச்சுக்கலாம், கைக்கு எட்டுற இடம். வயித்துல புண் இருக்கா? ரத்த வாந்தி?"

"இல்ல."

"பக்கவாதம் வந்திருக்கா?"

"ஐயோ, இல்லம்மா."

"சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களா? தலையில அடி கிடி?"

"இல்ல," என்றான் சிங்காரவேலு.

"இல்ல," என்றாள் தையலம்மாள்.

"இல்லம்மா," என்றாள் விருத்தாம்பாள்.

காலையிலிருந்து மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னது அப்போதுதான். டாக்டருக்கும் அது ஒரு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கட்டிலைத் தள்ளச் சொன்னாள்.

குழாயை உள்ளே விட்டு மருந்து ஏற ஆரம்பித்த பிறகு சிங்காரவேலுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். கதவில் நின்ற நர்ஸ் ஸ்டெல்லா, "ஒருத்தருக்குத்தான் பாஸ்" என்று சொல்லி ஒரு அட்டையை நீட்டினாள். இரண்டு கைகள் அதைப் பிடித்தன.

"பொண்டாட்டி நான் இருக்கும்போது..."

"இவன் பொறந்தப்போ தூக்குன கை இது. நீ நேத்து வந்தவ."

"நேத்தா? எம்மூத்த பேரனுக்கு மீசை முளைச்சிடுச்சு."

"சிஸ்டர், நீங்களே சொல்லுங்க, அக்கா பெருசா, பொண்டாட்டி பெருசா?"

ஸ்டெல்லா நிறையப் பார்த்தவள். "மாத்தி மாத்தி வாங்க. உள்ள சத்தம் போட்டா ரெண்டு பேருக்கும் கிடையாது. அவரு எழுந்து உக்காரக் கூடாது. அந்தக் கால மடக்கக் கூடாது. வாய்க்கு ஏதும் குடுக்கக் கூடாது."

"திருநீறு?"

"நெத்தியில வெச்சுக்கட்டும்."

முதலில் தையலம்மாள் போனாள். தம்பி மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு பம்பு, அவ்வப்போது முனகி, ஒரு ஊசிக்குழாயை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பம்பின் தலையிலும் கொஞ்சம் பூசினாள். "நீயும் நல்லா செய்யி" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்து விருத்தாம்பாள் போனபோது அவனுடைய இடது கன்னத்தில் சின்னதாகச் சிவப்பு பூத்திருந்தது. ஸ்டெல்லா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வரல," என்றான் சிங்காரவேலு, பஞ்சுக்கு அடியிலிருந்து. "அத்தனை பேரு பாத்துக்கினு இருந்தாங்க, ஒரு சொட்டு வரல. இப்ப யாருமே இல்லாத எடத்துல வருது பாரு."

"பேசாதீங்க ஐயா, அழுத்த முடியல."

"கால் எப்டி இருக்குது?" என்றாள் விருத்தாம்பாள்.

"வலி கொறைஞ்சாப்ல இருக்குது. சொல்லாத."

"யாருகிட்ட?"

"அக்காகிட்டதான். சொன்னா அம்மனுக்கு அடுத்த வேண்டுதல் வெச்சிடும்."

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக வராத சிரிப்பு. போர்வையை விலக்கி அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் விரல்களில் வெளுப்பு போய், மங்கலாக ஒரு நிறம் வந்தாற்போல இருந்தது. தன் கண்ணே தன்னை ஏமாற்றுகிறதோ என்று நினைத்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். வெளியே வந்து நாத்தனாரிடம், "அப்படியேதான் இருக்குது" என்றாள்.

"மூஞ்சி அப்படிச் சொல்லலியேடி," என்றாள் தையலம்மாள்.

பகலெல்லாம் மருந்து ஏறியது. சாயங்காலம் டாக்டர் வந்தாள். பாதத்தைத் தொட்டாள், இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, கணுக்காலில் பசை தடவி வைத்து, மெல்ல நகர்த்தினாள். முதலில் வெறும் இரைச்சல். கடலோரத்துக் காற்று போல. அப்புறம் அதற்குள்ளிருந்து ஒன்று வந்தது. டும்ச்... டும்ச்... டும்ச்...

டாக்டரின் முகம் மலர்ந்தது. "சிஸ்டர், அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. காலையிலேர்ந்து சண்ட போட்டவங்க, கேட்டுட்டுப் போகட்டும்."

இருவரும் ஒரே அட்டையில் உள்ளே வந்தார்கள்.

"இதாம்மா அவரு கால்ல ஓடுற ரத்தம். காலையில இந்த இடத்துல சத்தமே இல்ல. இன்னும் முழுசாத் திறக்கல, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கட்டி பாக்கி இருக்கு. ராத்திரிக்கும் மருந்து போனா கரைஞ்சிடும்னு நம்புறேன்."

டும்ச்... டும்ச்... டும்ச்...

விருத்தாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவளுடைய தலை மெல்ல ஆடியது.

"பம்பை," என்றாள். "எங்க கோயில் பம்பை மேளம் அப்படியே. தாயே, வந்துட்டியா!"

"இது ரத்தம் ஓடுற சத்தம்மா."

"உங்களுக்கு ரத்தம். எங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா. அன்னிக்கும் இதே அடிதான். மூணாவது சுத்து முடிச்சு, செல்லப்பன் அலக உருவுறான், பம்பைக்காரன் இதே மாதிரி வேகமா அடிக்கிறான். அப்பத்தான் இவன் மேல ஆத்தா வந்தா. எங்க வம்சத்துலயே யாருக்கும் அருள் வந்தது கிடையாது. இவனுக்கு வந்துச்சு! ஒரு சுழட்டு சுழட்டுனா பாரு, புடிச்சிருந்தவனுங்க நாலு பக்கமும் தெறிச்சானுங்க. அப்படியே பின்னாடி மல்லாக்க, பலிபீடத்து மேல ணங்குன்னு..."

டாக்டர் கருவியைக் காலிலிருந்து எடுத்தாள். சத்தம் நின்றது.

"என்ன ணங்கு?"

"மண்டைதான். கருங்கல்லு பலிபீடம். தேங்கா ஒடைச்சாப்ல சத்தம், வெளிய பானகம் ஊத்திக்கினு இருந்தவங்க ஓடியாந்தாங்க. ஒரு பொட்டுக் காயம்? ஒரு வீக்கம்? ஒண்ணும் கிடையாது! வேற யாரா இருந்தாலும் அங்கியே போயிருப்பான். இவன் எழுந்து உக்காந்து ஊருக்கே வாக்குச் சொன்னான். மழை வருமா, கரும்புக்கு வெல கெடைக்குமான்னு எல்லாரும் கேட்டாங்க. என்னாத்தச் சொன்னா ஆத்தா, நாக்கு குழறி குழறி வருது. ஆத்தா பேச்சு நமக்கு எங்க புரியுது? ரெண்டு நாளைக்கு அந்தக் குழறலு இருந்துச்சு. அவ்ளோ அருளு!"

டாக்டரின் கை ஏற்கெனவே பம்பின் மேல் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினாள். பகலெல்லாம் முனகிய பம்பு நின்றது. அதன் தலையில் திருநீறு அப்படியே இருந்தது.

"சிஸ்டர், சிடி ஸ்கேன் ரூமுக்குச் சொல்லுங்க. தலைக்கு, இப்பவே. ஐயா, கண்ணத் திறந்து என்னப் பாருங்க. தலை வலிக்குதா?"

"வலின்னு இல்ல," என்றான் சிங்காரவேலு. "மத்தியானத்துலேர்ந்து பாரமா இருக்குது. மருந்து ஏறுதுன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"கால்தான கேட்டுக்கினே இருந்தீங்க."

"மருந்த நிறுத்திட்டீங்களே," என்றாள் விருத்தாம்பாள். "கால்ல பாக்கி இருக்குதுன்னீங்களே டாக்டரம்மா? அது?"

"இருக்கு. தலையப் பாக்காம இனிமே ஒரு சொட்டு ஏத்த முடியாது." டாக்டர் அவன் கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு கண், மறு கண். கைகளைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். சிரிக்கச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்கள் வந்து கட்டிலின் பிரேக்கை விடுவித்தார்கள். கட்டில் நகரும்போது, "நான் எப்ப விழுந்தேன்?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனான். "விருத்தா, நான் எப்ப விழுந்தேன்?"

தையலம்மாள் கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு அவன் பின்னால் ஓடினாள்.

டாக்டரும் நடந்தாள். கதவருகே நின்று விருத்தாம்பாள் பக்கம் திரும்பினாள்.

"அவரு அக்கா மறைச்சது எனக்குப் புரியுது. நீங்க அப்படி இல்லியே. மாத்திரைய, பூசாரிய, அரிசிப் பானைய எல்லாத்தையும் போட்டு உடைச்சீங்க. விழுந்தாரா, தலையில அடி பட்டுச்சான்னு உங்க முகத்தப் பாத்துத்தான கேட்டேன். ஏம்மா இல்லன்னு சொன்னீங்க?"

விருத்தாம்பாள் அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை.

"நான் பொய் சொல்லல டாக்டரம்மா. அவருக்கு எங்க அடி பட்டுச்சு? அந்நேரம் அந்த ஒடம்புல அவரு இல்லவே இல்லியே. விழுந்தது ஆத்தாதான?"